சோலார் போடும் முன் ஈபி கார்டை எடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழுக்குள் மடித்து வைத்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் வந்தது. ‘இனி உங்கள் வீட்டுக்குக் கரண்ட் பில் ஜீரோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு செல்போன் எண். நோட்டீஸை நீங்கள் அச்சடிக்கவில்லை, பேப்பர் போடுகிற தம்பி சொருகுவது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பேப்பரோடு வந்தால் பேப்பரே சொன்ன மாதிரிதான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியிலும் சோலார் இருக்கிறது. 540 வாட் பேனல் நான்கு, அதாவது 2 கிலோவாட். 2024 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. நன்றாக ஓடுகிறது. சூலூர் பக்கத்தில் 31 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். வருகைப் பதிவேடு, அரிசி இருப்பு, பருப்பு இருப்பு, முட்டை இருப்பு என்று தினமும் எழுதி எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. சோலார் போட்ட நாளிலிருந்து பொழுது சாய்ந்ததும், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரில் அன்றைக்கு எத்தனை யூனிட் என்று பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். 2025 ஆகஸ்டோடு ஒரு வருஷம் முழுசாகிவிட்டது. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் 5 பேர். மருமகள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தே பார்க்கிறாள், பகலிலும் ஒரு ஏசி ஓடும். சாதாரண நாளில் 2 மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டும், கோடையில் 900 வரை போகும். அந்த ஒரு வருஷத்தில் வீட்டில் செலவானது மொத்தம் 4,130 யூனிட். பேனல் கொடுத்தது 2,870. சோலார் இல்லாமல் இருந்தால் 6 பில்லும் சேர்ந்து 22,404 ரூபாய் வந்திருக்கும். நாங்கள் கட்டியது 2,067 ரூபாய். மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சம். போட்ட செலவு 1,45,000. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 60,000 வங்கிக் கணக்கில் ஏறியது. கையை விட்டுப் போனது 85,000. நாலே கால் வருஷத்தில் திரும்பி வந்துவிடும். அதற்கப்புறம் பல வருஷம் வெயில் நமக்குச் சும்மா கொடுக்கும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் ‘அப்போ எல்லா வீட்டுக்கும் போட வேண்டியதுதானே’ என்கிறார்கள். நோட்டீஸ் அடிப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்துக்கு எல்லா யூனிட்டும் ஒரே விலை கிடையாது. நான் கணக்கு எழுதிய அந்த வருஷத்தில் 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி நாங்கள் கட்டியதைச் சொல்கிறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. அதற்கு மேல் 400 வரை 4.70. 500 வரை 6.30. ஒரு யூனிட் 500ஐத் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை போய்விடும், அந்த நூறுக்கும் 4.70 போடுவார்கள். 501 முதல் 600 வரை 8.40. 800 வரை 9.45. 1,000 வரை 10.50.

சத்துணவுக்கூடத்தில் அரிசி மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்போம். எடுக்கும்போது மேல் மூட்டையைத்தான் முதலில் இறக்க முடியும். பில்லும் அப்படித்தான். சோலார் கொடுக்கிற யூனிட் மேலே இருக்கிற விலை கூடிய யூனிட்டை முதலில் இறக்குகிறது. பத்தரை ரூபாய் யூனிட், ஒன்பதரை ரூபாய் யூனிட், எட்டரை ரூபாய் யூனிட் என்று வரிசையாக இறங்கி, கீழே வரவர லாபம் சுருங்கும். கடைசி 100 யூனிட் அரசாங்கமே சும்மா கொடுப்பது. அதையும் சோலாரில் எடுக்கப் பணம் போட்டால், இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கிய கதைதான்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் 3 கிலோவாட் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். “அம்மா, மானியம் 78,000 வருதுங்க, எதுக்கு விடறீங்க? பில்லே வராதுங்க” என்றார். முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் 78,000தான். 3 கிலோவாட்டுக்கு அவர் கேட்டது 2,05,000. மானியம் போக 1,27,000. எங்கள் 85,000த்தைவிட 42,000 அதிகம். இந்த 42,000 எனக்கு வருஷத்துக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கும்? நாங்கள் கட்டிய மொத்த பில்லே 2,067தான். அதை முழுசாகத் துடைத்தாலும் 42,000 திரும்பி வர 20 வருஷம். முதல் 2 கிலோவாட்டுக்கு நாலே கால் வருஷம், மூன்றாவதற்கு 20 வருஷம். ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே வீடு.

நாளைக்கு இன்னொரு ஏசி வாங்கினால் என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள், நியாயமான கேள்வி. அதற்காக இன்வெர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிறோம். தேவை வந்தால் இன்னும் 2 பேனல் சேர்க்கலாம்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் எனக்குப் பெரியம்மா முறை ஆகிறவர், பெரியப்பாவோடு தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளியூர். 2 ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி, தண்ணி ஏற்றுகிற மோட்டார். 2 மாதத்துக்கு 260 யூனிட். பில் 517 ரூபாய். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 3,100தான். அந்த வீட்டு மாடியில் 6 பேனல் ஏற்றி 3 கிலோவாட் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடனும் அவர்களே ஏற்பாடு. போன மாதம் பெரியம்மா ஒரு பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அம்மிணி, மாசம் 2,500 கட்டோணும்னு பேங்குல சொல்றாங்க. பில்லே வராதுன்னாங்களே, அப்போ இது என்ன பில்லு?”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். மானியம் போக நின்ற 1,27,000 கடனுக்கு 5 வருஷத் தவணை அது. வருஷத்துக்கு 3,100 மிச்சப்படுத்த வருஷத்துக்கு 30,000 கட்டுகிறார்கள். இன்றைய விலையில் 25 வருஷம் ஆனாலும் 77,500தான் மிச்சம் வரும், பெரியப்பாவுக்கு இப்போது வயது 74. தேவைக்கு மேல் உற்பத்தியாகிற யூனிட் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படுகிறது, அதைச் செலவழிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. ஏஜென்ட் பொய் எதுவும் சொல்லவில்லை. பில் ஜீரோ என்றார், ஜீரோதான் வருகிறது. மீட்டர் யூனிட்டைக் குறித்து வைக்கிற அந்த வீட்டு ஈபி கார்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்திருந்தால் மனசாட்சி உள்ள யாரும் அங்கே ஆணி அடித்திருக்க மாட்டார்கள். எனக்கு ஆற்றாமையே அதுதான்.

பைசாக் கணக்குப் பார்க்கிறாள் என்று யாராவது நினைக்கலாம். 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து நின்ற விவசாயிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்து 3 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி என் அப்புச்சி வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

சரி, போட வேண்டிய வீடு எது? என் அனுபவத்தில், கடைசி 6 பில்லில் 4 பில்லாவது 500 யூனிட்டைத் தாண்டியிருந்தால் தைரியமாகப் போடலாம். 350, 400 என்று நிற்கிற வீடு நிதானமாக யோசிக்கலாம், ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கப்போகிறவர்கள் என்றால் 1 கிலோவாட்டில் ஆரம்பிக்கலாம். 300க்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸில் போட்டு வைத்தால், வருகிற வட்டியிலேயே பில்லைக் கட்டிவிடலாம்.

போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதில் நிழல்தான் எனக்கு முதல் இடம். எங்கள் மாடியில் தெற்கே தண்ணித் தொட்டி, மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை. பேனல் வருவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மாடியிலேயே இருந்து, காலை 8 மணி, 10 மணி, 2 மணி, 4 மணிக்கு நிழல் விழுகிற ஓரத்தையெல்லாம் கோலமாவால் கோடு இழுத்தேன். மேற்குப் பக்கம் ஒரே ஒரு தென்னை மட்டையின் நிழல், மூன்றரை மணிக்கு, நாலாவது பேனல் வைக்கச் சொன்ன இடத்தின் மூலையில் வந்து உட்கார்ந்தது. ஒரு முழம்கூட இருக்காது. “இத்துனூண்டு நிழல் என்னங்க பண்ணும்” என்றார் ஏஜென்ட். பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒரே கயிற்றில் கட்டிய நாலு மாட்டில் ஒன்று நொண்டினால் நாலும் அதன் நடைக்குத்தான் நடக்கும். எங்கள் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார்: மார்கழியில் பொழுது தெற்கே சாய்ந்துதான் போகும், தொட்டி நிழல் இப்போது இருப்பதைவிட வடக்கே நீளும். கடைசியில் எல்லாவற்றையும் 5 அடி கிழக்கே தள்ளி, தொட்டியை விட்டு எட்ட வைத்தோம். ஏஜென்ட்டுக்கு அரை நாள் வேலை கூடிவிட்டது, முகம் வாடித்தான் போனார். எனக்கு 25 வருஷ வேலை ஆயிற்றே.

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்று பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். பேனலுக்குக் கீழே பந்தல் மாதிரி உட்காரலாம் என்று 8 அடி உயரத்தில் ஸ்டாண்ட் போடச் சொல்வார்கள். செலவும் கூடும், காற்றும் பிடிக்கும். நாங்கள் தாழ்வாகத் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். நம் பக்கத்துக்கு 10, 12 டிகிரி சாய்வு போதும். மழைத் தண்ணி வழிந்து ஓடவும் அது உதவுகிறது.

வெயில் அதிகமானால் கரண்ட்டும் அதிகம் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொல்கிறது. ஆக அதிகமாக வந்தது சித்திரையில் இல்லை, மாசியில் ஒரு நாள், 10.9 யூனிட். வானம் தெளிவாக இருந்தது, இளங்காற்று வீசியது. பேனல் சூடேறினால் அதன் சக்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு போல இறங்கும். ஆடி, ஆவணியில் மேகம் மூடி நாளுக்கு 7 யூனிட்டைத் தொடாத நாட்கள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் 1.4தான் வந்தது. ஆகவே யாராவது ‘தினமும் 10 யூனிட் வரும்’ என்று 365ஆல் பெருக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். வருஷத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 1,300, 1,400 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

துடைப்பது வீட்டு வேலைதான், ஆனால் விடக்கூடாது. சுற்றிலும் விசைத்தறி, காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி. விடிந்தால் மூன்று மயில் வந்து பேனல்மேல் நிற்கும், எச்சம் போட்டுவிட்டுப் போகும். பங்குனியில் கல்யாணம், காது குத்து என்று ஒரம்பரை வீடுகளுக்கு அலைந்ததில் 3 வாரம் மாடிப் பக்கமே போகவில்லை. 9.8இல் இருந்தது 8.6க்கு வந்துவிட்டது. துடைத்த மறுநாள் 9.9. போர் தண்ணியை ஊற்றினால் உப்புப் படிந்து கண்ணாடி வெள்ளையாகிவிடும். நல்ல தண்ணி 2 குடம், பழைய வேட்டித் துணி, விடியற்காலை. உச்சி வெயிலில் காய்ந்திருக்கிற கண்ணாடிமேல் தண்ணி ஊற்றாதீர்கள்.

இன்னொரு பெரிய ஏமாற்றம் கரண்ட் கட். சோலார் இருந்தால் மின்தடை வராது என்று நினைத்துப் போட்டவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர். லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார், லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். நம் மாடியில் இருந்து கரண்ட் கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற மனிதர் உயிருக்கு ஆபத்து. அதனால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது சரிதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பொழுதோடத்தான் வரும், நல்ல வெயில் நேரம் முழுக்கப் போய்விடும். என் நோட்டில் அப்படி 11 நாள் வெறுமையாக இருக்கிறது. மின்தடைக்கு விளக்கும் ஃபேனும் வேண்டும் என்றால் பேட்டரி தனி, அதன் செலவு தனி. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதே போல, சோலார் போட்ட வீடுகளில் ‘பகலிலேயே துணி துவை, பகலிலேயே மோட்டார் போடு’ என்று மாமியார்கள் மருமகள்களை விரட்டுகிறார்கள். தேவை இல்லை. இருவழி மீட்டர் பகலில் வெளியே போனதையும் ராத்திரி உள்ளே வந்ததையும் கழித்துத்தான் பில் போடும். வீட்டுக்காரிகளுக்கு இதை யாரும் சொல்வது கிடையாது.

காகிதத்தில் 2 விஷயம். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் எல்லாம் நடக்கும். எங்கள் இணைப்பு காலமாகிவிட்ட மாமனார் பேரில் இருந்தது, அதை மாற்ற அலைந்ததிலேயே 2 மாதம் போனது. ஆகவே முதல் வேலையாகப் பேர் மாற்றுங்கள். அப்புறம், மானியம் வேண்டும் என்றால் பேனலும் அதன் உள்ளே இருக்கிற செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். டிசிஆர் என்று சொல்வார்கள். அதற்கான சான்றிதழை வாங்கிப் பேனல் பின்னால் இருக்கிற எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேனல் அளவுக்கு நாள் வராது என்பதால், மிச்சமாகிற பணத்தில் வருஷத்துக்கு ஒரு 3,000 அதற்கென்று ஒதுக்குவது நல்லது.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இதுவரை 9 வீட்டுக்கு ஈபி கார்டை வாங்கிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 4 வீட்டுக்குப் போடுங்கள் என்றேன், 5 வீட்டுக்கு வேண்டாம் என்றேன். அந்த 4இல் 2 வீட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. பெரியம்மா வீட்டுக்கு மட்டும் நான் பிந்திவிட்டேன். வங்கியில் தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று என் மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை யூனிட்டுக்கு எத்தனை கிலோவாட், போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று ஒரு சின்ன அட்டவணையை, வயசானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில், கோவைப் பதிப்பின் முதல் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். மஞ்சள் நோட்டீஸ் வருகிறதும் ஞாயிற்றுக்கிழமைதான். கணக்குக்கு என் நோட்டு வேண்டும் என்றால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகி,
சூலூர் வட்டம், கோவை மாவட்டம்.